'ஆசைக்கு ஒரு பொண்ணு, ஆஸ்திக்கு ஒரு பையன்': பிள்ளையின் பாலினத்தைப் பெற்றோர் தேர்வு செய்தால் என்ன தப்பு?

2024 மே மாதம். தமிழ்நாட்டின் பிரபல யூடியூபர் ஒருவர், கர்ப்பிணியான மனைவியுடன் துபாய் போய் பரிசோதனை செய்தார். பிறக்கப்போவது ஆணா, பெண்ணா என்பதை விழா வைத்து அறிவித்து வீடியோவும் போட்டார். மாநில சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. வீடியோவை நீக்கிவிட்டு அவர் மன்னிப்பும் கேட்டார்.

அப்போது பலரும் கேட்ட கேள்வி இது: "வெளிநாட்டுல எல்லாரும் பார்க்குறாங்க. சந்தோஷத்துக்குத்தானே பார்த்தாரு, இதுல என்ன தப்பு?"

அந்தக் கேள்விக்கு அடுத்த படியில் இன்னொன்று நிற்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் பாலினத்தைத் தெரிந்துகொள்வது ஒரு பக்கம். கரு உருவாகும் முன்பே 'எங்களுக்குப் பையன்தான் வேணும்' என்று தேர்வு செய்வது இன்னொரு பக்கம். இன்றைய மருத்துவத்தில் அதற்கும் வழி இருக்கிறது. கருக்கலைப்பு இல்லை, சிசுக் கொலை இல்லை. அப்படியானால் சட்டம் ஏன் தடுக்கிறது? அது பெற்றோரின் உரிமை இல்லையா?

இதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆணா பெண்ணா, யார் முடிவு செய்வது?

முதலில் ஒரு அடிப்படை விஷயம். தாயின் கருமுட்டையில் இருப்பது எக்ஸ் குரோமோசோம் மட்டும்தான். தந்தையின் விந்தணுவில் எக்ஸ் இருக்கலாம், அல்லது ஒய் இருக்கலாம். எக்ஸ் சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண்.

அதாவது குழந்தையின் பாலினம் தந்தையின் விந்தணுவைப் பொறுத்தது. ஆனால் இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தால் பேச்சு வாங்குவது மருமகள்தான். 'அவ வயித்துல ஆம்பளப் பிள்ளை தங்கல' என்ற சொல்லுக்கு அறிவியலில் இடமே இல்லை.

இயற்கையாக, உலகம் முழுக்க 100 பெண் குழந்தைகளுக்கு சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. இந்தியாவில் இதை 1,000 ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்று கணக்கிடுவார்கள். அப்படிப் பார்த்தால் சுமார் 950 வர வேண்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு செய்யும் வழிகள் என்னென்ன?

கரு உருவான பிறகு கண்டறிய ஸ்கேன், பனிக்குட நீர் பரிசோதனை, தாயின் ரத்தப் பரிசோதனை என பல வழிகள் உள்ளன. தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் மரபணுத் துணுக்குகளை வைத்து, சுமார் 10 வாரத்திலேயே பாலினத்தைச் சொல்லிவிட முடியும்.

கரு உருவாகும் முன், அல்லது கருப்பைக்குள் வைக்கும் முன் தேர்வு செய்ய இரண்டு வழிகள்:

1. விந்தணுவைப் பிரித்தெடுப்பது. எக்ஸ் குரோமோசோம் உள்ள விந்தணுவில் மரபணுப் பொருள் சுமார் 2.8% அதிகம். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துப் பிரிப்பார்கள். இதில் வாய்ப்பு கூடும், உறுதி கிடையாது.

2. ஐவிஎஃப் முறையில் ஆய்வகத்தில் கருக்களை உருவாக்கி, அவற்றின் மரபணுவைச் சோதித்து, வேண்டிய பாலினக் கருவை மட்டும் கருப்பைக்குள் வைப்பது. இதில் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிட முடியும்.

இரண்டாவது முறைக்கு உண்மையான மருத்துவத் தேவையும் உண்டு. ஹீமோபிலியா, டுஷேன் தசைச் சிதைவு போன்ற சில பரம்பரை நோய்கள் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்கும். அந்த நோய் உள்ள குடும்பங்கள் அடுத்த குழந்தைக்கு அது வராமல் தடுக்க நினைப்பது வேறு விஷயம். இங்கே பேசுவது, எந்த நோயும் இல்லாமல் பாலினத்துக்காக மட்டும் தேர்வு செய்வதைப் பற்றி.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1970-களில் கருவின் குறைபாடுகளைக் கண்டறிய வந்த பனிக்குட நீர் பரிசோதனை, சில ஆண்டுகளிலேயே பெண் கருவைக் கண்டுபிடிக்கும் கருவியாக மாறிப்போனது. இப்போது கொஞ்சம் செலவு செய்தால் பின்னால் வரதட்சணை மிச்சம் என்ற பொருளில் அன்று வெளிப்படையாகவே விளம்பரங்கள் வந்தன.

முதலில் மகாராஷ்டிரா 1988-ல் சட்டம் கொண்டுவந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1994-ல் நிறைவேறி, 1996 ஜனவரி 1 முதல் அமலானது. ஆனால் அது கருவுற்ற பிறகு செய்யும் பரிசோதனையை மட்டுமே தடுத்தது. தொழில்நுட்பம் அதைத் தாண்டிப் போனதால், 2003-ல் திருத்தம் வந்தது. கருவுறும் முன்பே பாலினத்தைத் தேர்வு செய்வதும் குற்றம் ஆனது. இதுதான் இன்று பிசிபிஎன்டிடி சட்டம் என்று அழைக்கப்படுகிறது.

இதன் முக்கிய அம்சங்கள்:

- கருவின் பாலினத்தை டாக்டர் சொல்லாலும், சைகையாலும், வேறு எந்த வகையிலும் தெரிவிக்கக் கூடாது.
- மீறும் டாக்டருக்கு முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 5 ஆண்டு, 50,000 ரூபாய் வரை.
- பாலினத் தேர்வுக்காக டாக்டரை நாடுகிறவருக்கும் தண்டனை உண்டு. முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம்.
- கட்டாயப்படுத்தி அழைத்து வரப்பட்ட கர்ப்பிணிக்குத் தண்டனை கிடையாது. கணவரோ உறவினரோ வற்புறுத்தியதாகத்தான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு.

2021-ல் வந்த செயற்கைக் கருத்தரித்தல் தொழில்நுட்பச் சட்டமும், கேட்ட பாலினத்தில் குழந்தை தருவதாக எந்த கிளினிக்கும் சொல்லக் கூடாது என்கிறது. பாலினம் சார்ந்த பரம்பரை நோயைத் தடுப்பதற்கு மட்டும் அதில் விலக்கு இருக்கிறது.

'எங்களுக்கு ரெண்டு பொண்ணு, ஒரு பையன் கேட்டா தப்பா?'

இந்தக் கேள்வியோடு மும்பை உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள் ஒரு தம்பதி. ஏற்கெனவே இரண்டு மகள்கள். அடுத்தது மகன் வேண்டும். அவர்களின் வாதம் சுருக்கமாக இதுதான்: 'நாங்கள் கருவைக் கலைக்கச் சொல்லவில்லை. கருவுறும் முன்பே தேர்வு செய்ய அனுமதி கேட்கிறோம். ஏற்கெனவே ஒரு பாலினக் குழந்தை உள்ள தம்பதி, இன்னொரு பாலினக் குழந்தையைப் பெற்று குடும்பத்தைச் சமன் செய்வதில் யாருக்கு நஷ்டம்?'

2007 செப்டம்பரில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. பாலினத் தேர்வு பெண்மையை அவமதிப்பது, அரசியல் சாசனத்தின் உணர்வுக்கே எதிரானது என்றது. இதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2005-ல் வந்த இன்னொரு வழக்கிலும், பிறக்கப்போகும் குழந்தையின் பாலினத்தைத் தீர்மானிப்பது தனிமனித சுதந்திரத்துக்குள் வராது என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தத் தம்பதியின் கேள்வி இன்றும் பல வீடுகளில் உயிரோடு இருக்கிறது. கேட்க நியாயமாகவும் தெரிகிறது. ஒரு பெண், ஒரு ஆண் என்று கேட்பது சமத்துவம்தானே?

தராசு எந்தப் பக்கம் சாய்கிறது?

இதற்குப் பதில் தத்துவத்தில் தேட வேண்டாம், கணக்கிலேயே இருக்கிறது.

2011-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்தியா பற்றிய ஒரு பெரிய ஆய்வு வெளியானது. முதல் குழந்தை பெண்ணாக இருக்கும் குடும்பங்களில் இரண்டாவதாகப் பிறக்கும் குழந்தைகளை அது கணக்கெடுத்தது. 1990-ல் 1,000 ஆண்களுக்கு 906 பெண்கள். 2005-ல் அது 836 ஆகக் குறைந்தது. இயற்கையாக வர வேண்டியது சுமார் 950 என்பதை நினைவில் கொள்க.

சரி, முதல் குழந்தை ஆணாக இருந்த வீடுகளில்? அங்கே இரண்டாவது குழந்தையின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க சரிவே இல்லை.

இதன் அர்த்தம் என்ன? 'சமன் செய்வது' உண்மையான நோக்கமாக இருந்திருந்தால், முதலில் பையன் பிறந்த வீடுகளில் அடுத்து பெண் குழந்தைகள் அதிகமாகப் பிறந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பெண் பிறந்த வீடு பையனைத் தேடியது. பையன் பிறந்த வீடு எதையும் தேடவில்லை.

இன்னொரு தகவலும் அந்த ஆய்வில் இருந்தது. இந்தச் சரிவு படித்த, வசதியான குடும்பங்களில்தான் அதிகம். 'படிக்காதவங்க செய்யுற வேலை' என்று ஒதுக்கிவிட முடியாது.

நம்ம ஊர் வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். 'ஆசைக்கு ஒரு பொண்ணு, ஆஸ்திக்கு ஒரு பையன்.' கேட்க எவ்வளவு சமமாக இருக்கிறது! கவனித்தால், பெண்ணுக்குக் கிடைப்பது ஆசை, பையனுக்குக் கிடைப்பது சொத்து. இத்தனைக்கும் இந்துக் குடும்பங்களில் பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. நாடு முழுக்க 2005-ல் வந்தது. சட்டம் மாறி இத்தனை வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

தமிழ்நாட்டில் என்ன நிலைமை?

உசிலம்பட்டி வட்டாரத்தின் பெண் சிசுக் கொலை 1986-ல் 'இந்தியா டுடே' கட்டுரையால் நாடு முழுக்கப் பேசப்பட்டது. 1992-ல் ஜெயலலிதா ஆட்சியில் சேலத்தில் தொட்டில் குழந்தை திட்டம் தொடங்கியது. 1994-ல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது. கள்ளிப்பால் என்ற ஒரு சொல்லே ஒரு தலைமுறைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 6 வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு சேலம் மாவட்டத்தில் 851 பெண்கள், தர்மபுரியில் 826 பெண்கள்தான் இருந்தார்கள். மாநிலம் முழுவதற்கும் 2001-ல் 942, 2011-ல் 943. அதே காலத்தில் இந்தியா முழுக்க 927-லிருந்து 918-ஆக இறங்கியது. ஆக, தமிழ்நாடு தப்பித்துவிட்டது என்று நினைத்தோம்.

ஆனால் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒரு அதிர்ச்சியைக் கொடுத்தது. கணக்கெடுப்புக்கு முந்தைய 5 ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளில், 1,000 ஆண்களுக்கு 878 பெண்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 954. இது மாதிரிக் கணக்கெடுப்பு என்பதால் எண் கொஞ்சம் ஏறி இறங்கலாம் என்பது உண்மை. ஆனாலும் தர்மபுரி வட்டாரத்தில் கையடக்க ஸ்கேன் கருவியோடு வீடு எடுத்து பாலினம் சொன்ன கும்பல்கள் சிக்கிய செய்திகளோடு சேர்த்துப் பார்த்தால், அலட்சியமாகக் கடந்துபோகிற எண் இல்லை இது.

கள்ளிப்பால் போய் ஸ்கேன் வந்தது. ஸ்கேனுக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை வந்தது. ஒவ்வொரு முறையும் வழி 'நாகரிகமாக' மாறியது. யார் வேண்டாம் என்பது மட்டும் மாறவில்லை.

'யாரையும் கொல்லலையே?'

கருவுறும் முன் தேர்வு செய்வதை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இதுதான். பிறந்த குழந்தையைக் கொல்வதும், கருவைத் தேர்வு செய்வதும் ஒன்று கிடையாது என்பதில் சந்தேகமே இல்லை. அப்படியானால் யாருக்கு என்ன பாதிப்பு?

முதல் பாதிப்பு, அந்தத் தாய்க்கு. ஐவிஎஃப் என்றால் ஹார்மோன் ஊசி, கருமுட்டை எடுப்பது, பல முறை முயற்சி. இயல்பாகக் கருத்தரிக்கக்கூடிய பெண், பையனுக்காக மட்டும் இதையெல்லாம் தாங்க வேண்டும். 'அவங்களே விரும்பித்தானே செய்யுறாங்க' என்று சொல்லலாம். மாமியார், நாத்தனார், ஊர், உறவு எல்லாம் சேர்ந்து கேட்கும் வீட்டில், எது அந்தப் பெண்ணின் விருப்பம், எது அந்த வீட்டின் விருப்பம் என்று எப்படிப் பிரிப்பது? கணவரும் உறவினரும் வற்புறுத்தியதாகச் சட்டம் முதலிலேயே எடுத்துக்கொள்வது இதனால்தான்.

இரண்டாவது, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மகளுக்கு. தான் இருந்தும் போதவில்லை என்று லட்சக்கணக்கில் செலவு செய்தார்கள் என்பது அவளுக்கு ஒருநாள் தெரியத்தான் போகிறது.

மூன்றாவது, அந்த மகனுக்கே. கேட்டு வாங்கிய பிள்ளை, ஒரு வேலைப் பட்டியலோடு பிறக்கிறான். கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றணும், கொள்ளி வைக்கணும், வம்சம் வளர்க்கணும். அவன் வேறு மாதிரி வளர்ந்தால்?

நான்காவது, ஊருக்கு. ஒரு வீட்டின் முடிவு சொந்த விஷயம்தான். ஒரே முடிவை லட்சம் வீடுகள் எடுத்தால் அது சமூகக் கணக்கு. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1990-லேயே, ஆசியாவிலும் பிற பகுதிகளிலும் 10 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் 'காணாமல் போயிருக்கிறார்கள்' என்று எழுதினார். 2001-ல் 1,000 சிறுவர்களுக்கு 819 சிறுமிகள் மட்டுமே இருந்த ஹரியானாவில், பின்னாளில் அசாம், மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் என வெளிமாநிலங்களிலிருந்து பெண்களை அழைத்து வந்து, சில இடங்களில் விலை பேசியும், திருமணம் செய்தார்கள். பெண்கள் குறைந்தால் பெண்ணுக்கு மதிப்பு கூடும் என்று சொன்னவர்கள் உண்டு. அங்கே கூடியது விலைதான்.

'பொண்ணு வேணும்னு கேட்டா பரவாயில்லையா?'

சட்டத்தைப் பொறுத்தவரை இல்லை. எந்தப் பாலினத்தைத் தேர்வு செய்தாலும் குற்றம்தான்.

அறத்தின் பார்வையில் இது கொஞ்சம் சிக்கலான கேள்வி. பெண் குழந்தையைத் தேர்வு செய்வதால் இந்தியாவில் விகிதம் கெடாது. ஆனால் கதவு ஒன்றுதான். 'பெண் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும்' திறந்து வைக்க முடியாது. கிளினிக் வாசலில் நிற்பவரின் மனசுக்குள் இருக்கும் காரணத்தை எந்த அதிகாரியாலும் சோதிக்க முடியாது. அதுவும் போக, 'பொண்ணுன்னா பாசமா இருப்பா, கடைசி வரை பார்த்துக்குவா' என்பதும் பிறக்கும் முன்பே ஒப்படைக்கும் வேலைதான்.

அப்போ கருக்கலைப்பு உரிமை?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இந்தியாவில் கருக்கலைப்பு சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. 1971-ல் வந்த சட்டம் 2021-ல் திருத்தப்பட்டு, நிபந்தனைகளோடு 20 வாரம் வரையும், சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரையும் அனுமதிக்கிறது. திருமணமாகாத பெண்களுக்கும் இது பொருந்தும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குழந்தை வேண்டுமா, வேண்டாமா என்பது அந்தப் பெண் தன் உடல், தன் வாழ்க்கை பற்றி எடுக்கும் முடிவு. குழந்தை வேண்டும், ஆனால் பெண்ணாக வேண்டாம் என்பது வேறு முடிவு. பாலினத் தேர்வைத் தடுக்கிறோம் என்ற பெயரில், கருக்கலைப்புக்கு வரும் எல்லாப் பெண்களையும் சந்தேகத்தோடு பார்த்தால் அவர்கள் போலி மருத்துவர்களிடம் போய் உயிரை விடுவார்கள். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

உலகம் என்ன செய்கிறது?

பிரிட்டனில் கடுமையான பரம்பரை நோயைத் தவிர்ப்பதற்கு மட்டுமே கருவின் பாலினத்தைத் தேர்வு செய்யலாம். கனடாவிலும் இதே போன்ற தடை உண்டு. அமெரிக்காவில் மத்திய அரசுத் தடை இல்லை. பணம் இருந்தால் பல கிளினிக்குகளில் தேர்வு செய்யலாம்.

நமக்கு முக்கியமான பாடம் தென் கொரியா. அங்கே 1990-ல் 100 பெண் குழந்தைகளுக்கு சுமார் 116 ஆண் குழந்தைகள் பிறந்தன. கருவின் பாலினத்தைச் சொல்ல டாக்டர்களுக்குத் தடை போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. ஆணுக்கே முன்னுரிமை தந்து குடும்பத் தலைவரைப் பதிவு செய்யும் முறையை 2008-ல் ஒழித்தார்கள். பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், பெற்றோரைப் பார்த்துக்கொண்டார்கள். 2007-லேயே விகிதம் இயல்புக்குத் திரும்பிவிட்டது. 2024 பிப்ரவரியில், 32 வாரத்துக்கு முன் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்ற சட்டத்தை அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது. மகன் மீதான மோகம் மங்கிவிட்டதால் தடைக்கு இனி அவசியமில்லை என்பதே காரணம்.

இந்தியாவிலும் தடையை மாற்றலாம் என்ற யோசனை வந்ததுண்டு. 2016-ல் அப்போதைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி, எல்லா கர்ப்பிணிகளுக்கும் பாலினத்தைக் கண்டறிந்து பதிவு செய்து, பிரசவம் வரை கண்காணிக்கலாம் என்றார். பெண் குழந்தை என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு கர்ப்பிணியையும் வீட்டாரிடமிருந்து யார் காப்பாற்றுவது என்ற கேள்வியோடு கடும் எதிர்ப்பு கிளம்பியது.

முடிவாக...

தடைச் சட்டம் என்றைக்கும் இருக்க வேண்டியதா? தேவையில்லை. தென் கொரியாவைப் போல ஒருநாள் நாமும் எடுத்துவிடலாம். பேறுகாலத்தில் 'என்ன குழந்தைன்னு சொல்லுங்க டாக்டர்' என்று ஆசையாகக் கேட்டு, என்ன பதில் வந்தாலும் வீடு ஒரே மாதிரி சிரிக்கும் என்ற நிலை வரட்டும்.

அதுவரை, 'ஒண்ணு பொண்ணு, ஒண்ணு பையன், அவ்வளவுதான் ஆசை' என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். முதல் குழந்தை பையனாக இருந்திருந்தால், பெண்ணுக்காக இவ்வளவு செலவு செய்து இவ்வளவு தூரம் வந்திருப்பீர்களா?